யார் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம்?

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி என்று பேச்செடுத்தால் செங்கல்பட்டுப் பக்கம் இரண்டு விதமான மறுப்பு வரும். ஒன்று, குப்பத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் கேட்பது: "வயசுக்கு வந்த பொண்ணுக்கு அதப் போட்டா புள்ள தங்காதாம்." இன்னொன்று, கருத்தரங்க மேடையிலும் பத்திரிகைக் கட்டுரையிலும் நிதானமான குரலில் வருவது. கருப்பைவாய்ப் புற்றுநோய் தானாகவே குறைந்துவருகிறது, பரிசோதனையைப் பரவலாக்கினாலே போதும், ஊசி என்பது கம்பெனிக்காரர்களின் வியாபாரம், நம் பெண்களைச் சோதனை எலிகளாக்க விடக்கூடாது. முதல் மறுப்புக்கு ஊர்ச் செவிலியர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுதான் தொல்லை. அதன் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் விடை தப்பாக வருகிறது. படித்தவர்கள் சொல்கிறார்கள் என்பதால் அது ஆசிரியர் அறைக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் இறங்கிவந்து, கடைசியில் குப்பத்து வதந்திக்கே முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இந்த 'வேண்டாம்' யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் இந்த ஊசி 2008 முதல் விற்பனையில் இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வில்லா வாங்கிக் குடியிருப்பவர் மகளைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனால், அட்டையைப் புரட்டிப் பார்த்து "இன்னும் போடலையா?" என்று டாக்டரே கேட்பார். ஒன்பது வகை வைரஸைத் தடுக்கும் கார்டசில்-9 ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் தனியாரிடம் டோஸுக்கு இரண்டாயிரம். பணம் கட்டி ரசீது வாங்கும் அந்த வீடுகளில் சோதனை எலி என்ற பேச்சே எழுவதில்லை. அதே சாலையின் கடல் பக்கம் திரும்பினால் கோவளம், நெம்மேலி குப்பம், பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு என்று வரிசையாக மீனவக் குடியிருப்புகள். பருவம் சரியில்லாத மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய் என்பது அங்கே வலைக்கும் டீசலுக்கும் போக மிச்சமே இல்லாத தொகை. ஊசி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு வசதியுள்ளவர்கள் எப்போதோ தங்கள் பிள்ளைகளின் கையில் விடை எழுதிவிட்டார்கள். மிச்சமிருப்பது, அரசுக் காசில் கொக்கிலமேட்டுப் பெண்ணுக்கும் அது கிடைக்கலாமா என்பது மட்டும். மேடையில் எழும் மறுப்பெல்லாம் இந்த ஒரு பெண்ணின் கையைத்தான் தட்டிவிடுகிறது.

நோய் தானாகக் குறைகிறது என்ற வாதம் முழுப் பொய் ஒன்றுமில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982இல் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பைவாய்தான் முதலிடம். இன்று அந்த இடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. திருமண வயது ஏறியது, பிரசவங்கள் குறைந்தன, வீட்டுக்குள் குளியலறையும் தண்ணீரும் வந்தன, கொஞ்சம் பரிசோதனையும் சேர்ந்தது. ஆனால் இந்தச் சரிவு யாருக்கு வாய்த்தது? முதலில் நகரத்துப் படித்த பெண்ணுக்கு. சரிவு என்று வரைபடத்தில் காட்டும் அதே நாட்டில், 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 79,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகம் முழுவதும் அந்த ஆண்டு இதனால் இறந்தவர்கள் மூன்றரை லட்சத்துக்கு அருகில். அதில் நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர் நம் நாட்டுப் பெண். இதற்குக் 'குறைந்துவருகிறது' என்று பெயர் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதற்குத் துணிச்சல் வேண்டும். இன்று பதினான்கு வயதாகும் பெண்ணுக்கு இந்த நோய் வருவதாக இருந்தால் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டித்தான் வரும். நாம் இன்று எடுக்கும் முடிவின் பலனை 2055இல் யாரோ எண்ணிக்கொண்டிருப்பார்கள். சரிவு அதற்குள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்தப் பதிவேட்டு நிபுணரும் முன்வரமாட்டார்.

பரிசோதனையே போதும் என்பது அடுத்தது. பரிசோதனையின் பலத்துக்குத் தமிழ்நாட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007இல் லான்செட்டில் வந்தது. முறை எளிது: நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாற்றம் கண்ட இடம் வெளுத்துத் தெரியும். நுண்ணோக்கி வேண்டாம், லேப் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியர் போதும். இந்த ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை அங்கே இந்நோய்ச் சாவை 35 சதவீதம் குறைத்தது. மகத்தான காரியம். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, ஊரிலேயே முகாம் போட்டு, உலகத் தரத்தில் நடத்திய ஆய்விலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரவில்லை. மருத்துவம் தழைத்த மாநிலம் என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டில், தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன பெண்கள் 9.8 சதவீதம். இந்திய சராசரி 1.9தான் என்பதால் இதற்கும் நாம் மார்தட்டிக்கொள்கிறோம்.

ஏன் வரவில்லை என்று கடற்கரையில் இருந்து பார்த்தால் புரியும். படகு கரையேறுவது விடியலில். ஏலம் முடித்து, கூடையில் ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் கேளம்பாக்கத்துக்கோ திருப்போரூருக்கோ போய் விற்றுத் தீர்க்கும் வேளையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புற நோயாளிகள் பிரிவு நடக்கும் வேளையும் ஒன்றே. ஒருநாள் போனால் ஒருநாள் வருமானம் போச்சு. மேஜையில் கால் விரித்துப் படுக்க வேண்டும் என்ற கூச்சம் ஒரு பக்கம். "வெள்ளப்படுது, அவ்வளவுதான்" என்று பத்து வருடமாக ஒதுக்கிவைத்த பழக்கம் இன்னொரு பக்கம். வெள்ளைச் சேலையில் ரத்தம் கண்ட பிறகுதான் பஸ் ஏறுவார்கள். அப்போது நோய் முற்றியிருக்கும். பரிசோதனையை விரிவாக்குங்கள் என்று கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். அதைத் தாய்க்குக் கேளுங்கள். வைரஸ் தொற்றியிருக்கக்கூடிய தாய்க்கு ஊசியால் பெரிய பயனில்லை, பரிசோதனைதான் கதி. இன்னும் தொற்றாத மகளுக்குப் பரிசோதனையால் இன்று பயனில்லை, ஊசிதான் வழி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: 15 வயதுக்குள் 90 சதவீதப் பெண்களுக்கு ஊசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. தாயையும் மகளையும் போட்டிக்கு நிறுத்துவது நம்மவர்களின் கண்டுபிடிப்பு.

இந்த வைரஸ் உடலுறவால் பரவுவது என்பதால் எழும், 'எங்கள் பெண்கள் ஒழுக்கமானவர்கள், இந்த ஊசி எதற்கு' என்ற பேச்சுக்கு அதிக இடம் தர எனக்கு மனமில்லை. திண்டுக்கல் கிராமங்களில் மணமான 1,891 பெண்களைப் பரிசோதித்து 2005இல் வெளியான ஆய்வில், ஆறில் ஒருவரிடம் இந்த வைரஸ் இருந்தது. தாலி கட்டி, ஊர் சாட்சியாக, ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்கள். மனைவியின் ஒழுக்கம் கணவனின் உடம்புக்குக் காவல் நிற்காது. இன்னொன்றும் கேட்கிறேன். ஹெபடைடிஸ் பி கூட உடலுறவால் பரவும் வைரஸ்தான். அதுவும் பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவருவதுதான். அதற்கான ஊசியை அரசு மருத்துவமனையில் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பச்சைக் குழந்தைக்குப் போடுகிறோம். குழந்தையின் ஒழுக்கம் கெடும் என்று இதுவரை எந்தக் கலாசாரக் காவலரும் பிரசவ வார்டு வாசலில் வந்து நின்றதில்லை. பெண்ணுக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆனதும் மட்டும் அவர்களுக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

நம் கரைக்கே உரிய ஒரு வாதமும் உண்டு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கொக்கிலமேடு வரை புற்றுநோய் என்றாலே கை கல்பாக்கம் பக்கம் நீளும். அணுமின் நிலையத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அந்த மக்களுக்கு முழுமையாக உண்டு, பதில் சொல்லும் கடமை அந்த வளாகத்துக்கும் உண்டு. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயை அந்தக் கணக்கில் எழுத முடியாது. கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது 1983 ஜூலையில். அதற்கு முந்தைய ஆண்டே சென்னைப் பதிவேட்டில் இந்த நோய் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. இதன் காரணம் ஹெச்.பி.வி. என்று நிறுவியதற்குத்தான் 2008இல் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு நோபல் பரிசு. தெரிந்த எதிரியை விட்டுவிட்டுச் சந்தேகப்படும் எதிரியோடு மட்டும் மல்லுக்கட்டினால் நஷ்டம் யாருக்கு?

இனி சோதனை எலி. இதுதான் கனமான குற்றச்சாட்டு. இதற்குப் பின்னால் உண்மையான காயம் இருக்கிறது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) துணையோடு, ஏறத்தாழ 24 ஆயிரம் சிறுமிகளுக்கு இந்த ஊசிகளைப் போட்டது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா என்று விசாரணையில் காரணங்கள் வந்தன. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. ஆந்திரத்தில் 2,763 ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பழங்குடிச் சிறுமிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள், அப்பா அம்மாவுக்குத் தகவலே இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் வறுத்தெடுத்தது, வறுத்தெடுக்க வேண்டியதுதான். இதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியவர்கள் ஒப்புதல் விஷயத்தில் நாட்டுக்கு நன்மை செய்தார்கள். அதையே ஊசி கொல்லும் என்பதற்குச் சான்றாக இன்றும் தூக்கிப்பிடிப்பதுதான் மோசடி. கையெழுத்து தவறு என்றால் கையெழுத்தைத் திருத்து, மருந்தைக் கொட்டிவிடாதே.

அந்தத் தடையின் பின்கதையை மறுப்பாளர்கள் சொல்வதே இல்லை. அதே காலத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில் பல இடங்களில், நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் சேர்த்து, இரண்டு டோஸ் போதுமா மூன்று வேண்டுமா என்று தனி ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அரசின் தடை அதையும் பாதியில் நிறுத்தியது. 4,950 பெண்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது: அந்த ஒரு டோஸே வைரஸின் 16, 18 வகைகள் உடம்பில் நிலைத்துத் தங்குவதை 95 சதவீதம் தடுத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு டோஸ் போதும் என்று இறங்கிவந்ததற்கு இது முக்கிய ஆதாரங்களில் ஒன்று. ஊசியை நிறுத்தச் சொன்ன போராட்டத்தால் ஊசியின் செலவு பாதிக்கும் கீழே வந்தது. விதியின் விளையாட்டு என்று சொல்லலாம். இந்தச் சான்று கார்டசிலுக்கு உரியது, செர்வாவேக்குக்குத் தனியாகச் சான்று வேண்டும். அரசு எந்த ஊசியை வாங்குகிறது, அதற்கு எத்தனை டோஸ் என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. 'எலி' என்று கத்துவதைவிடப் பயனுள்ளதும்கூட.

தோல்வியை மூடி மறைப்பார்கள், மருத்துவ உலகமே கூட்டு என்று சொல்பவர்களுக்குச் செங்கல்பட்டின் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. 1968இல் ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி அல்லது வெறும் மருந்தற்ற திரவம். உலகிலேயே பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று. பல நாடுகள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்த ஊசி அது. ஏழரை ஆண்டுகள் கழித்து வந்த முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை. நடத்தியவர்களுக்கே தலைகுனிவு. முடிவை அப்படியே அச்சிட்டார்கள். இன்றும் மருத்துவப் புத்தகங்களில் 'செங்கல்பட்டு ஆய்வு' என்று அந்தத் தோல்வி நம் ஊர்ப் பெயரோடுதான் நிற்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசத்தைத் தடுப்பதால் பி.சி.ஜி. அவர்களுக்குத் தொடர்கிறது. எதற்குப் பயன்படாது என்று தெளிவாகச் சொன்னது அந்த ஆய்வு.

அந்தத் தராசிலேயே ஹெச்.பி.வி. ஊசியையும் வைத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் கணக்கு வெளியானது. இங்கிலாந்தில் அதே வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் நோய் 87 சதவீதம் குறைந்தது. ஆஸ்திரேலியா 2007இலேயே பள்ளிகளில் தொடங்கிவிட்டது. அங்கே ஊசி போட்டுக்கொண்ட முதல் தொகுதிப் பெண்கள் இன்று பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். 'புள்ள தங்காது' வதந்திக்கு இதைவிட என்ன பதில்? வெள்ளைக்கார நாட்டுக் கதை வேண்டாம் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கை 2017இல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இலவசமாகக் கிடைத்தது, மாமல்லபுரத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வர வேண்டும்? பயத்துக்குப் பணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. 2013இல் சில தொலைக்காட்சிக் காட்சிகளைக் கண்டு அரசு பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. 70 சதவீதம் பேர் போட்டுவந்த ஊசி ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. தவற்றைச் சரிசெய்ய 2022 ஏப்ரல் வரை ஆனது.

கடைசியாகக் கம்பெனி வியாபாரம். ஆமாம், வியாபாரம்தான். மறுக்கவில்லை. வியாபாரம் பிடிக்காதவர்களை நான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணிக்குக் கூப்பிடுகிறேன். அங்கே 100 ஏக்கரில் ஹெச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தடுப்பூசி உரிமத்தை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. நாடு தனியாரிடம் கையேந்தியது. அந்தப் பழியைத் துடைக்கத்தான் 2012இல் 594 கோடி ரூபாய்க்குத் திருமணி வளாகத்துக்கு அனுமதி தந்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது, உற்பத்தி வரவில்லை. கொரோனா உச்சத்தில், 2021 மே மாதம், முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். மாநிலத்திடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கட்டப்பட்ட நோக்கத்துக்கு அது ஓடவில்லை. கம்பெனி எதிர்ப்பாளர்கள் கூட்டம் போட வேண்டிய இடம் அந்த வாசல். எங்கள் பெண்களுக்கான ஊசியை எங்கள் மாவட்டத்தில், அரசு ஆலையில், அடக்க விலைக்குத் தயாரித்துக் கொடு என்று கேட்டால் நானும் பின்னால் வந்து நிற்பேன். ஆலை முடங்கிக் கிடந்ததைப் பற்றி மூச்சுவிடாமல், ஊசியை மட்டும் வியாபாரம் என்று திட்டுவதில் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வில்லாக்காரர்களிடம் அது பத்தாயிரத்துக்கு விற்றுக்கொண்டேதான் இருக்கும்.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போடப்படும் என்று சொல்லி 36 கோடி ஒதுக்கினார். வரவேற்கிறேன். வரவேற்றுவிட்டு ஒரு சண்டையும் போட வேண்டியிருக்கிறது. தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்தது 9 முதல் 14 வயது வரை எல்லோருக்கும் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் 9 வயதில். நாம் அந்த வரிசையின் கடைசி வயதைப் பிடித்துக்கொண்டோம். 14 என்றால் ஒன்பதாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் யார் இருக்கமாட்டார்கள்? இந்த மாவட்டத்து இருளர் பெண் இருக்கமாட்டாள். 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பு நஞ்செடுத்துத் தருகிறது. அந்த நஞ்சிலிருந்து செய்த மருந்துதான் நாடெங்கும் பாம்புக்கடிபட்டவர்களைப் பிழைக்கவைக்கிறது. அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளை படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்கோ சவுக்குத் தோப்புக்கோ போய்விடுகிறாள். பள்ளி வாசலோடு நிற்கும் எந்தத் திட்டமும் அவளைத் தொடாது. பரிசோதனை முகாமுக்கும் அவள் பிற்காலத்தில் வரப்போவதில்லை.

மூன்று டோஸ் காலத்தில் இதற்கு வழியே இல்லை. இன்று இங்கே, நாளை அரக்கோணம் பக்கம் என்று இடம் மாறும் குடும்பத்தை ஆறு மாதத்தில் மூன்று முறை தேடிப்பிடிக்க யாராலும் முடியாது. ஒரு டோஸ் என்றால் முடியும். ஐஸ் பேக் வைத்த வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் ஒருமுறை சூளைக்குப் போய், தாயிடம் விளக்கி, தாயின் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிக்கொண்டு (மேஸ்திரியின் கையெழுத்து செல்லாது என்று படிவத்திலேயே அச்சடித்துவிடலாம்), ஊசி போட்டு, மயக்கம் வருகிறதா என்று கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வரலாம். வீடு தேடிப் போய் பி.பி. மாத்திரை கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலை இல்லை. அதற்குமுன் அரசாணையில் ஒரு வரி எழுத வேண்டும்: பள்ளியில் பெயர் இல்லாத 9 முதல் 14 வயதுப் பெண்களின் பட்டியலை எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் எடுத்துத் தர வேண்டும் என்று.